சென்னையிலிருந்து டின்டாஜெல்: முதலில் தினசரி காலண்டரைப் பாருங்கள், அப்புறம் டிக்கெட் போடுங்கள்

2025 செப்டம்பரில் நானும் மனைவியும் ஒரே இங்கிலாந்துப் பயணத்தில் டின்டாஜெலுக்கு இரண்டு தடவை போனோம். ஆசைப்பட்டு இரண்டாம் தடவை போகவில்லை. முதல் தடவை போனது சுத்தமாக வீண், அதனால்தான். அன்று பாலம் மூடியிருந்தது, குகைக்குள் கடல் நின்றது, திரும்பி வர பஸ் இல்லை. மூன்றையும் முன்கூட்டியே பார்த்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்று பிறகுதான் தெரிந்தது. நீங்களாவது ஒரே தடவையில் பார்த்துவிட்டு வாருங்கள் என்று இதை எழுதுகிறேன்.

இடம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால், அதன் வடக்குக் கடற்கரையில் ஒரு சின்ன கிராமம். கிராமத்தை ஒட்டிய செங்குத்துப் பாறையில் கோட்டையின் ஒரு பாதி, எதிரே கிட்டத்தட்ட தீவாக நிற்கும் பெரும்பாறையில் மறு பாதி, நடுவில் ஒரு நடைபாலம், கீழே மெர்லின் குகை. மெர்லின் என்ற மந்திரவாதி வரும் ஆர்தர் ராஜாவின் பழங்கதை தொடங்குவது இங்கேதான் என்று 1136 வாக்கில் ஒருவர் எழுதி வைத்தார். நூறு வருஷம் கழித்து, 1230களில், ஒரு பிரபு அந்தக் கதையின் மவுசிலேயே இங்கே கோட்டை கட்டினார். சரித்திரம் இவ்வளவு போதும். செஞ்சி மாதிரி முழுக் கோட்டையை எதிர்பார்த்துப் போகாதீர்கள், இருப்பது இடிந்த சுவர்கள்தான். பாறையையும் கடலையும் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் போகிறோம்.

1. தேதி: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வையுங்கள்

எல்லோரும் விமான டிக்கெட் மலிவாகக் கிடைக்கும் தேதியிலிருந்து திட்டம் போடத் தொடங்குவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இந்த ஊருக்கு அது சரிப்படாது, இங்கே கடல் வைத்ததுதான் சட்டம்.

மெரினாவில் கடல் ஏறுவதும் வற்றுவதும் சுமார் ஒரு மீட்டர்தான், நாம் அதைக் கவனிப்பதே இல்லை. கார்ன்வாலின் வடகரையில் பெரிய ஏற்ற நாட்களில் அது ஆறேழு மீட்டர், அதாவது இரண்டு மாடி உயரம். நடுப்பகலில் மணலாக இருந்த இடத்தில் சாயங்காலம் அலை அடிக்கும். மெர்லின் குகை இருப்பது அந்த மணல் மட்டத்தில். கடல் வற்றினால் பாறைக்கு அடியில் இந்தப் பக்கம் நுழைந்து நூறு மீட்டர் போல நடந்து அந்தப் பக்கக் கடலைப் பார்க்கலாம், ஏறினால் வாசலுக்கே போக முடியாது.

இப்போது நமக்கு உதவுகிற ஒரு விஷயம். அந்தக் கரையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களிலும் அடுத்த ஓரிரு நாட்களிலும் கடல் மிக அதிகமாக வற்றும், அந்த வற்றம் ஏறக்குறைய நடுப்பகலில், பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிக்குள் வரும். அஷ்டமி, நவமியை ஒட்டிப் போனால் தலைகீழ்: நடுப்பகலில் ஏற்றம், வற்றம் விடிகாலையிலும் மாலையிலும். "அஷ்டமி நவமியில எங்கேயும் கிளம்பாதீங்க" என்று மாமியார் சொன்னபோது சிரித்தேன். முதல் தடவை நாங்கள் போன செப்டம்பர் 15, அஷ்டமிக்கு மறுநாள். அதன் பிறகு அவரிடம் சிரிப்பதில்லை.

இரண்டாம் தடவை மகாளய அமாவாசைக்கு மறுநாள் போனோம். ஒரு மணி வாக்கில் கடல் எங்கோ பின்வாங்கிக் கிடந்தது, குகைக்குள் செருப்பு நனையாமல் நடந்தோம் என்று சொல்ல ஆசைதான், ஆனால் உள்ளே கூழாங்கல்லும் குட்டையுமாகத்தான் இருக்கும், ஷூ நனையும்.

ஆகவே வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் முதலில் நாளைக் குறியுங்கள். அப்புறம் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு சரியான நேரத்தை இணையத்தில் பாருங்கள். பிரிட்டிஷ் கடல்சார் துறையின் ஈஸிடைட் என்ற பக்கத்தில் ஏழு நாளுக்கு இலவசமாகக் கிடைக்கும். டின்டாஜெல் பெயரில் அட்டவணை கிடைக்காவிட்டால் போர்ட் ஐசக், பாட்ஸ்டோ இரண்டில் ஒன்றைப் பாருங்கள், இரண்டும் பக்கத்துத் துறைமுகங்கள்.

இங்கே ஒரு பொறி. சில அட்டவணைகள் கிரீன்விச் நேரத்தில் இருக்கும். மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசி வரை அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும், அதனால் ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும். வற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கடற்கரைக்கு இறங்கி, வற்றம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏறிவிடுங்கள். கடல் திரும்பும்போது குகையின் கடைசி வரை போட்டோ எடுக்கப் போகாதீர்கள், அலை பின்னாலிருந்து வரும்.

மாதம் என்று பார்த்தால் மே முதல் செப்டம்பர் வரை. ஆகஸ்டில் பள்ளி விடுமுறைக் கூட்டமும் அறை வாடகையும் தாங்காது. குளிர்காலத்தில் கோட்டை வாரம் முழுக்கத் திறந்திருப்பதில்லை, தீபாவளி லீவில் போகலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் திறந்திருக்கும் நாட்களை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. விசா: பணத்தைவிட விளக்கம்தான் முக்கியம்

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஸ்டாண்டர்டு விசிட்டர் விசா வேண்டும். ஈ.டி.ஏ. என்று ஒரு இணையவழிப் பயண அனுமதி விளம்பரத்தில் வரும், அது விசா தேவைப்படாத நாட்டுக்காரர்களுக்கானது. அதை வாங்கித் தருகிறோம் என்று சொல்லும் இணையதளங்களில் கார்டு எண்ணைக் கொடுத்து ஏமாறாதீர்கள். விண்ணப்பம் பிரிட்டிஷ் அரசின் சொந்தத் தளத்தில் மட்டும், முகவரி ஜி.ஓ.வி. டாட் யு.கே. என்று முடிய வேண்டும்.

ஆறு மாத விசாவுக்கு 2025இல் நாங்கள் கட்டியது 127 பவுண்டு. இந்தக் கட்டணம் அடிக்கடி ஏறும், கட்டும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். மறுத்தாலும் திரும்பி வராது. பயண நாளுக்கு மூன்று மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். கைரேகை கொடுத்த பிறகு சாதாரணமாக மூன்று வாரம். அவசரம் என்றால் ஐந்து வேலை நாளில் முடிவு சொல்ல 500 பவுண்டு கூடுதல், அந்தப் பணத்தில் டின்டாஜெலில் நாலு நாள் தங்கலாம். பத்து வாரம் முன்பே போடுங்கள், எதுவும் அவசரமாகாது.

படிவத்தை நீங்களே நிரப்பலாம், ஏஜென்ட் தேவையில்லை. நான் முதலில் ஒரு ஏஜென்டிடம் போனேன், பெயர் வேண்டாம். அவர் சொன்ன ஒரே யோசனை "கணக்குல இன்னும் நாலு லட்சம் போட்டு வைங்க சார்" என்பதுதான். தம்பியிடம் வாங்கிப் போட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அவர்கள் மீதித் தொகையைப் பார்ப்பதைவிட அது எப்படி வந்தது என்றுதான் பார்ப்பார்கள் என்று. சம்பளம் எழுபதாயிரம் வருகிற கணக்கில் திடீரென நாலு லட்சம் விழுந்தால் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எங்கிருந்து வந்தது, ஏன் போனது என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி, தம்பியின் கணக்கு விவரத்தையும் சேர்த்து வைத்தேன். இந்தத் தலைவலி உங்களுக்கு வேண்டாம். சீட்டுப் பணம், நகை விற்ற பணம், முதிர்ந்த எஃப்.டி. எதுவானாலும் ஆதாரத்தோடு விளக்கம் எழுதுங்கள்.

நாங்கள் கொடுத்தவை: ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, மூன்று வருட வருமான வரிக் கணக்கு, அலுவலகத்திலிருந்து வேலைச் சான்றும் லீவு கடிதமும் ஒரே தாளில், திருமணச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம், நாள்வாரியான பயணத் திட்டம். லண்டனுக்கு மேற்கே இருக்கும் ரெடிங்கில் சித்தப்பா மகன் வீட்டில் தங்குவதால் அவன் எழுதிய அழைப்புக் கடிதம், அவன் பாஸ்போர்ட் நகல், விசா நிலை, வாடகை ஒப்பந்தம். ஓட்டலில் தங்குகிறவர்களுக்கு இந்தக் கடைசிக் கட்டு தேவையில்லை. விமான டிக்கெட்டை விசா வருவதற்கு முன் வாங்க வேண்டியதில்லை, திட்டம் காட்டினால் போதும்.

நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று.

ஒன்று, தமிழில் இருக்கும் ஆவணம். பட்டா, பழைய திருமணப் பதிவு, பத்திரம் இவற்றுக்கு மொழிபெயர்ப்பு வேண்டும். அதில் "இது சரியான மொழிபெயர்ப்பு" என்ற வாசகம், தேதி, மொழிபெயர்த்தவர் முழுப் பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் எல்லாம் இருக்க வேண்டும். பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள், அதனால் பத்திரம் முழுவதையும் கொடுத்துவிடாதீர்கள், உண்மையில் தேவையா என்று யோசித்துக் கொடுங்கள். எங்கள் பத்திரம் பதினெட்டுப் பக்கம், கடைசியில் வில்லங்கச் சான்றும் சொத்து வரி ரசீதும் மட்டும் வைத்தேன்.

இரண்டு, இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, வங்கியில் ஒற்றை எழுத்து, திருமணச் சான்றில் இனிஷியல் பின்னால். மூன்றும் ஒரே ஆள்தான் என்று விளக்கக் கடிதத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். படிவத்திலும் விமான டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்து பிசகாமல் போடுங்கள்.

மூன்று, அப்பா அம்மாவின் பிறந்த தேதி. படிவம் கேட்கும். என் அப்பாவுக்குப் பள்ளியில் வாத்தியார் போட்ட தேதிதான் தேதி. எந்த ஆவணத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து ஒன்றையே எல்லா இடத்திலும் எழுதுங்கள், கணவனும் மனைவியும் தனித்தனியாக நிரப்பும்போது மாமனார் பிறந்த நாள் இரண்டு விதமாகி விடக்கூடாது.

படிவம் முடிந்து பணம் கட்டியதும் சென்னை விசா மையத்தில் நாள் எடுக்க வேண்டும். ஆவணங்களை வீட்டிலேயே ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டால் காசில்லை, அங்கே போய் ஏற்றச் சொன்னால் காசு. குறுஞ்செய்தி, கூரியர், சொகுசு அறை என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். கூரியர் மட்டும் எடுத்தேன், மற்றதெல்லாம் இல்லாமலே முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம். பாஸ்போர்ட் திரும்பி வந்ததும் உடனே பெயர், தேதி சரிபாருங்கள்.

3. விமானமும் பெட்டியும்

சென்னையிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸ் நேர் விமானம் இருக்கிறது, பதினோரு மணி நேரத்துக்குச் சற்று முன்பின். வளைகுடா வழியாகப் போனால் பத்து பதினைந்தாயிரம் மிச்சமாகலாம், ஆனால் நடுராத்திரி இறங்கி ஏற வேண்டும். நாங்கள் நேர் விமானத்துக்கு ஆளுக்குச் சுமார் 75,000 கொடுத்தோம்.

பெட்டியில் நெய் வைக்காதீர்கள். பால் பொருளும் இறைச்சியும் இந்தியாவிலிருந்து கொண்டு போகக்கூடாது, அளவு எவ்வளவானாலும். பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, ஊறுகாய் போகும். பொடிக்குப் பிசைய நல்லெண்ணெய் சின்ன பாட்டிலில் எடுத்தோம், அது அங்கே பொன்னாக இருந்தது.

4. கிராமத்துக்குப் போவது: ரயில் பாதி வழிதான்

டின்டாஜெலில் ரயில் நிலையம் கிடையாது. இது புரியாமல் கூகுள் காட்டும் மணிக்கணக்கை நம்பினால் நடு ரோட்டில் நிற்பீர்கள்.

ஹீத்ரோவிலிருந்து லண்டனுக்குள் போகவே வேண்டியதில்லை. ரெயில்ஏர் என்ற கோச் பஸ் நேராக ரெடிங் ரயில் நிலையத்துக்குப் போகும், கார்ன்வால் ரயில்கள் அங்கே நிற்கும். லண்டனில் தங்குகிறவர்கள் அங்குள்ள பாடிங்டன் நிலையத்தில் ஏறலாம். அங்கிருந்து கார்ன்வாலில் இருக்கும் பென்சான்ஸுக்கு ராத்திரி ரயிலும் உண்டு, சனிக்கிழமை தவிர. இறங்க வேண்டிய இடம் பாட்மின் பார்க்வே, பாடிங்டனிலிருந்து பகல் ரயிலில் ஏறக்குறைய நாலு மணி நேரம்.

ரயில் டிக்கெட்டில் அட்வான்ஸ் என்பது குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும், தவறவிட்டால் போச்சு, ஆனால் விலை பாதிக்குப் பாதி. இரண்டு பேர் சேர்ந்து போனால் டூ டுகெதர் ரெயில்கார்டு 35 பவுண்டு, மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி, போய் வருவதற்குள் அந்தக் காசு வந்துவிடும். வார நாட்களில் காலை ஒன்பதரைக்கு முன் செல்லாது. ஞாயிற்றுக்கிழமை தண்டவாள வேலை என்று பஸ்ஸில் ஏற்றி விடுவார்கள், முடிந்தால் அன்று பயணம் வேண்டாம்.

பாட்மின் பார்க்வேயிலிருந்து டின்டாஜெல் முப்பது கிலோமீட்டர் சொச்சம். பஸ்ஸில் மாறி மாறிப் போனால் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், டின்டாஜெல் வழியாகப் போவது 95ஆம் எண் பஸ். கட்டணம் ஒரு தடவைக்கு 3 பவுண்டுக்கு மேல் இல்லை, அது நல்ல விஷயம். கெட்ட விஷயம், நம் ஊர் 21ஜி மாதிரி ஒன்று போனால் அடுத்தது என்று நிற்க முடியாது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் மணிக்கணக்கில் இடைவெளி, மாலைக்கு மேல் சுத்தமாக இல்லை. முதல் தடவை நாங்கள் பாட்மின் ஊரில் மலிவாக அறை எடுத்துப் பஸ்ஸில் போய் வந்தோம். மாலையில் கடல் வற்றத் தொடங்குவதை மேலிருந்து பார்த்துக்கொண்டே கடைசி பஸ்ஸுக்கு ஓடினோம், நான் பார்த்து வைத்திருந்தது கோடைக்கால அட்டவணை, அந்த பஸ் போய்விட்டிருந்தது. டாக்சிக்கு 55 பவுண்டு. ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்! அன்று ராத்திரி புளிக்காய்ச்சல் சாதம்தான் சாப்பிட்டோம், வேறு எதற்கும் மனசு வரவில்லை.

இரண்டாம் தடவை பக்கத்து டெவனில் இருக்கும் எக்ஸிடர் வரை ரயில், அங்கே இரண்டு நாளைக்குக் கார் வாடகைக்கு. எக்ஸிடரிலிருந்து ஏ30 சாலையில் ஒன்றரை மணி நேரம். இரண்டு பேருக்கு மேல் இருந்தால் இதுதான் சிறந்தது என்பேன்.

நம் ஊர் ஓட்டுநர் உரிமம் அங்கே பன்னிரண்டு மாதம் செல்லும். டிஜிலாக்கரில் இருப்பதைக் காட்டினால் போதாது, அட்டையைக் கையில் வைத்திருங்கள். ஓட்டுகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும், டெபாசிட்டாக ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். டெபிட் கார்டோ ஃபாரெக்ஸ் கார்டோ கொடுத்தால் பல இடங்களில் சாவி தரமாட்டார்கள். கியர் இல்லாத வண்டி வேண்டுமென்றால் முன்பே சொல்ல வேண்டும், விலையும் கூடுதல்.

இடது பக்கம்தான் ஓட்டுவது என்பதால் சாலை பயமில்லை. ஏ30ஐ விட்டு இறங்கிய பிறகுதான் கதை. ஒரு கார் அகலத்துக்குப் பாதை, இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் செடி மூடிய கல் வரப்பு, எதிரே ஒரு டிராக்டர். ஹாரன் அடிக்கக் கூடாது, அடித்தால் திட்டியதாக எடுத்துக்கொள்வார்கள். யாருக்குப் பக்கத்தில் ஒதுங்கும் இடம் இருக்கிறதோ அவர் பின்னால் போக வேண்டும், அதாவது நான். ஐம்பது மீட்டர் ரிவர்ஸில் போனேன், மனைவி வெளியே தலையை நீட்டி "ரைட்டு, ரைட்டு, வரலாம்" என்று மாநகரப் பேருந்து நடத்துநர் மாதிரி சொல்லிக்கொண்டு வந்தார். டிராக்டர்காரர் கையைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டுப் போனார். சின்ன கார் எடுங்கள்.

5. தங்குவது டின்டாஜெலிலேயே

பாட்மினில் இருபது பவுண்டு மிச்சம் பிடித்து டாக்சிக்கு 55 கொடுத்த கணக்கை மேலே பார்த்தீர்கள். கிராமத்துக்குள்ளேயே காலை உணவோடு அறை தரும் வீடுகள் இருக்கின்றன, நாங்கள் இரவுக்கு 105 பவுண்டு கொடுத்தோம். உள்ளே தங்கினால் காற்றோ மழையோ, அடுத்த நாள் காலையில் இன்னொரு வாய்ப்பு கிடைக்கும். இரண்டு இரவு போடுங்கள். ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகப் பாருங்கள், விசா கைக்கு வரும் வரை வேறு எதையும் எடுக்காதீர்கள்.

6. கோட்டை நாள்

கோட்டையை நடத்துவது இங்கிலிஷ் ஹெரிடேஜ், பழைய நினைவுச் சின்னங்களைப் பராமரிக்கும் அமைப்பு. இணையத்தில் முன்பதிவு செய்தால் வாசலில் வாங்குவதைவிடக் குறைவு, நாளைப் பொறுத்து விலை மாறும். ஆளுக்கு 15இலிருந்து 20 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டோன்ஹெஞ்ச் மாதிரி வேறு இடங்களும் பார்ப்பவர்கள் வெளிநாட்டவருக்கான 9 நாள், 16 நாள் பாஸ் விலையை ஒப்பிட்டுப் பாருங்கள். கடற்கரைக்கும் குகைக்கும் டிக்கெட் கிடையாது. ஆனால் பாறை சரிந்தாலோ படி பழுதானாலோ கீழே இறங்கும் வழியை மூடி வைப்பார்கள், அன்று காலை கோட்டையின் இணையப் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். காற்று பலமானால் பாலமும் மூடப்படும், முதல் தடவை எங்களுக்கு அதுதான் நடந்தது. முந்தின நாள் இரவு முன்னறிவிப்பைப் பார்க்காதது என் தப்பு.

கோட்டையில் பார்க்கிங் இல்லை. கிராமத்தில் காரை விட்டுவிட்டு 600 மீட்டர் செங்குத்தாக இறங்க வேண்டும். முட்டி வலி உள்ளவர்களுக்கு சீசனில் லேண்ட் ரோவர் வண்டி ஓடும், சின்னக் கட்டணம். இறங்கும்போது யாருக்கும் அது தேவைப்படாது, ஏறும்போதுதான் அருமை தெரியும். பார்க்கிங் இயந்திரத்தில் வண்டி எண்ணை முழுசாக, தப்பில்லாமல் அடியுங்கள். வாடகைக் கார் எண் மனப்பாடம் ஆகாது, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் போட்ட வரிசை இதுதான்: பத்தரைக்குப் பாலம், பன்னிரண்டு வரை மேலே, பிறகு கீழே இறங்கி ஒன்றரை வரை குகை. வற்றம் ஒரு மணிக்கு என்பதால் இப்படி. உங்கள் நாளுக்கு வற்றம் பதினொன்றரை என்றால் குகையை முதலில் வையுங்கள்.

பாலம் 2019 ஆகஸ்டில் திறந்தது, கிட்டத்தட்ட 70 மீட்டர் நீளம். அதற்கு முன் எல்லோரும் கீழே இறங்கித்தான் மறுபடி ஏற வேண்டியிருந்தது. கடலுக்கு மேலே அது நிற்கும் உயரத்துக்கு நம் மெரினா கலங்கரை விளக்கத்தைக் கீழே நிறுத்தினாலும் எட்டாது. தரை சிலேட்டுக் கல். படுக்க வைத்த பலகை இல்லை, ஆயிரக்கணக்கான மெல்லிய சிலேட்டுகளை விளிம்பு மேலே தெரியும்படி நெருக்கி நிறுத்தி வைத்திருக்கிறார்கள், புத்தக அலமாரி மேல் நடப்பது போல இருக்கும். நடுவில் இரண்டு பாதியும் சேரவில்லை. நாலு சென்டிமீட்டர் இடைவெளி, வேண்டுமென்றே விட்டது, பாலம் இரண்டு கரையிலிருந்தும் தனித்தனியாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. மனைவி அந்த இடம் வந்ததும் நின்று, ஒரு காலை அங்கேயும் ஒரு காலை இங்கேயும் வைத்துக் கீழே பார்த்தார். பிறகு கைப்பிடியை விடவே இல்லை.

பாலம் வந்துவிட்டதால் படியே இல்லை என்று பெரியவர்களிடம் சொல்லி அழைத்துப் போகாதீர்கள். அந்தப் பக்கம் மேலே ஏறக் கல் படிகள் நிறைய, ஈரமானால் வழுக்கும். வெண்கல வீரன் சிலை, காலோஸ் என்று பெயர், உச்சியில் நிற்கிறது. அங்கியின் பாதி வெறும் இடைவெளி, அதன் வழியாகக் கடல் தெரியும். போட்டோவுக்கு வரிசை நிற்கும். கழிப்பறை வேலையைக் கீழேயே முடித்துவிட்டு ஏறுங்கள். குடை கொண்டு போகாதீர்கள், காற்று அதைப் பிரித்துப் போட்டுவிடும், தொப்பி வைத்த மழைக்கோட்டு போதும். சேலையில் போக வேண்டாம் என்று நான் சொன்னால் பிரச்சினை, மனைவியே சொல்லச் சொன்னார்.

செல்போன் சிக்னலை நம்பாதீர்கள். டிக்கெட், வரைபடம், வற்றம் நேரம் மூன்றையும் போனில் இறக்கி வைத்துவிடுங்கள்.

நேரம் மிஞ்சினால் காரில் பதினைந்து நிமிடத்தில் போஸ்காசில், அழகான சின்னத் துறைமுகம். போகும் வழியில் செயின்ட் நெக்டன்ஸ் க்ளென் அருவி, தனி டிக்கெட்.

7. சாப்பாடு

கார்னிஷ் பேஸ்டி என்றால் மாட்டிறைச்சி. சைவக்காரர்கள் "சீஸ் அண்ட் ஆனியன்" என்று கேட்டு வாங்குங்கள், நம் ஊர் பப்ஸின் பெரியண்ணன் மாதிரி இருக்கும், ஒன்று சாப்பிட்டால் மதியம் முடிந்தது. வெளியே நின்று சாப்பிட்டால் ஒரு கண் மேலே இருக்கட்டும், கடற்காகம் கையிலிருந்தே பிடுங்கும். க்ரீம் டீ கேட்டால் டீயோடு ஸ்கோன் என்ற சின்ன பன், ஜாம், கெட்டியான பாலாடை வரும். கார்ன்வாலில் ஜாமை முதலில் தடவி மேலே பாலாடை வைக்க வேண்டும், மாற்றி வைத்தால் பக்கத்து டெவன்காரன் என்று நினைப்பார்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் சமையலறையை மூடிவிடுவார்கள், சென்னைப் பழக்கத்தில் ஒன்பதரைக்குக் கிளம்பிப் போய் நிற்காதீர்கள்.

8. மொத்தச் செலவு, இரண்டு பேருக்கு

விசா 254 பவுண்டு, நாங்கள் போனபோது பவுண்டு 119 ரூபாய் வாக்கில், ஆக முப்பதாயிரம். விமானம் ஒன்றரை லட்சம். ரெடிங்கிலிருந்து எக்ஸிடர் போய்வர ரெயில்கார்டோடு பத்தாயிரம், கார் இரண்டு நாள் பெட்ரோல் சேர்த்துப் பதினேழாயிரம், அறை இரண்டு இரவு இருபத்தைந்தாயிரம், கோட்டையும் பார்க்கிங்கும் ஐந்தாயிரம், சாப்பாடு எட்டாயிரம். ரெடிங்கில் சித்தப்பா மகன் வீட்டில் தங்கியது இதில் இல்லை, அவனுக்கு இரண்டு கிலோ அதிரசத்தோடு சரி. முதல் தடவை பாட்மினுக்குப் போய் வந்த செலவையும் நான் சேர்க்கவில்லை, அதை மனைவி தனிக் கணக்காக வைத்திருக்கிறார்.